நாடா இல்லாமல் ஓடிய தறி

வளர்ப்பு வீடுகளைப் பார்க்கப் போகிறவர்களின் படிவத்தில் இப்போது ஒரு பக்கம் கூடியிருக்கிறது. என்னோடு வேலை பார்த்த தேன்மொழி போன கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்கு வந்தபோது கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். பிள்ளையின் எடை, தடுப்பூசி, பள்ளிக்கூட வருகை எல்லாம் முடிந்த பிறகு, கடைசிப் பக்கத்தில் வளர்க்கிற தாய்க்கு நான்கு கேள்விகள். நன்றாகத் தூங்குகிறீர்களா? கோபம் அடக்க முடியாமல் வருகிறதா? மனசு விட்டுப் பேச யாராவது இருக்கிறார்களா? கொஞ்ச நாள் ஓய்வு வேண்டுமா?

"நமக்கும் தனியா ஒண்ணு இருக்குதுக்கா, வீட்டுக்குப் போய் வர்றவங்களுக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு வாட்டி" என்று சிரித்தாள். "இதெல்லாம் இல்லாம நீங்க எப்படி ஓட்டினீங்கன்னு எழுதிக் குடுங்கக்கா. ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறாங்க."

ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து விளக்கேற்றி உட்கார்ந்து யோசித்தால், ஓட்டினோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓடவில்லை என்பதுதான் நிஜம். ஒரு தரம் நின்றே போனேன். அதைத்தான் எழுத வேண்டும் என்று முருகன் நினைக்கிறான் போலிருக்கிறது. எழுதுகிறேன். பிள்ளையின் பேரையும் அந்த வீட்டாரின் பேர்களையும் மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் பிறந்தது அம்மையார்குப்பத்தில், தறிக்காரர் வீட்டில். பத்தாவது தேறியதும் திருத்தணியில் கட்டிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு லாரி ஓட்டினார். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இல்லத்தாயாகச் சேர்ந்தேன். ஏழு வருஷம் அங்கே. அப்புறம் ஓய்வு பெறும்வரை களப்பணி. பெற்றவர்கள் வைத்துக்கொள்ள முடியாமல் போன பிள்ளையை இன்னொரு குடும்பம் தன் வீட்டில் வைத்து வளர்க்கும். தத்து கிடையாது. பிள்ளை அரசாங்கத்தின் பொறுப்பு, சோறும் மடியும் அந்த வீட்டுடையது. மாதம் ஒரு தரம் அந்த வீட்டுக்குப் போய், பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை.

எங்களுக்கு அதிகாரியாக இருந்தவர் தேவசகாயம் சார். நாலு தலைமுறையாக மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களாக இருந்த குடும்பம். ஒல்லியான மனிதர், குரல் உயரவே உயராது. ஒரு வீட்டுக்குப் போய்வந்து அவர் முன்னால் உட்கார்ந்தால், முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டு மூடுவார். நீட்டிய படிவத்தை வாங்கிக் குப்புறக் கவிழ்த்து வைப்பார். அப்புறம் ஒரே கேள்வி.

"உள்ள போனதும் இன்னா வாசனை அடிச்சுது?"

முதல் தரம் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பினாயில் வாசனை என்றால், "நமக்காகக் கழுவி வச்சிருக்காங்க, அடுத்த வாட்டி சொல்லாமப் போ" என்பார். மூத்திர வாசனை என்றால், "பிள்ளை மறுபடியும் படுக்கையில போவுதா? பயப்படுதா?" என்பார். ஒரு வீட்டில் வெங்காயம் வதக்குகிற வாசனை என்றேன். "எத்தனை மணிக்குப் போனே?" என்றார். மூன்றரை என்றேன். "பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரத்துக்குச் சமைக்கறாங்க. சரி, நல்ல வீடு" என்று படிவத்தைத் திருப்பாமலே கையெழுத்துப் போட்டார்.

மீனு எங்களிடம் வந்தபோது ஆறு வயசு. அம்மா இல்லை. அப்பா எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாது. இரண்டு வீடுகளில் வைத்துப் பார்த்தோம், இரண்டு வீட்டாரும் சரிப்படவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். கடிக்கிறது, சோற்றைத் துணிக்குள் ஒளித்து வைக்கிறது, தூங்குவதே இல்லை. மூன்றாவது வீடாகக் கிடைத்ததுதான் அம்மையார்குப்பத்தில் சரோஜாவின் வீடு. பிள்ளை இல்லாத தம்பதி, ஒரே ஒரு விசைத்தறி. சரோஜாவுக்கு நாற்பது வயசு இருக்கும், வாயாடி. வீட்டுக்காரர் மாணிக்கத்தை 'பாவா' என்று கூப்பிடுவாள், அவரோ பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுவார்.

மீனுவை அங்கே விட்டு வந்த அன்று தேவசகாயம் சார் சொன்னார்: "இதுவும் திரும்பினா, அந்தப் பொண்ணு அப்புறம் யாரையும் நம்பாது, அமுதாம்மா. பதினெட்டு வயசு வரைக்கும் இல்லம்தான்."

முதல் மாதம் நான் போனபோது சரோஜா வாசலுக்கே ஓடிவந்தாள். "மேடம், கண்டுபுடிச்சிட்டேன்! தறி ஓடினா தூங்குது மேடம். நின்னா முழிச்சுக்குது. பாவா ஓட்டிகினே இருக்காரு, அது தூங்கிகினே இருக்குது." உள்ளே பார்த்தேன். தறிக்குப் பக்கத்தில் பழைய சேலையை மடித்துப் போட்ட படுக்கையில், அந்த இரைச்சலுக்கு நடுவில், குளத்தில் விழுந்த இலை மாதிரி மீனு கிடந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மனுஷி இல்லம்மா, தெய்வம்" என்றேன். அடுத்த மாதமும் சொன்னேன். தெருவில் நாலு பேர் காதுபடச் சொன்னேன். ஊரும் சொல்ல ஆரம்பித்தது. நல்ல வார்த்தைதானே என்று நினைத்தேன்.

அந்த வருஷம் என் வேலை பாரமாகிவிட்டது. கூட இருந்த ஒருத்தி நின்றுவிட்டாள், அவளுடைய வீடுகளும் என்மேல் விழுந்தன. ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வெளியே போகிற வயலையும் பனையையும் நான் இல்லை, வேறு யாரோ பார்க்கிற மாதிரி இருக்கும். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை அழுதது என்று கலந்துவிடும். ஒரு வீட்டுக் கதவைத் தட்டும்போது இன்னொரு வீட்டின் பேர் வாயில் வரும். ஒரு நாள் என் மகளையே ஏதோ ஒரு பிள்ளையின் பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவள் தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்: "நான் எந்த ஃபைலும்மா?" என் வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு முடிந்தும் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கந்தர் சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருந்தேன். பசி தெரியவில்லை. பக்தி முற்றிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். உடம்பில் எதுவுமே தெரியாமல் போயிருந்தது என்பது பிற்பாடுதான் புரிந்தது.

அடுத்த மாதம் சரோஜா வீட்டு வாசலில் போய் நின்றேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். தெரு முழுக்க வெயில், ஆள் இல்லை. உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தேன், சூடாக இருந்தது. அதைத் தூக்கினால் உள்ளே ஒரு பிள்ளை இருக்கும், அதற்கு ஒரு துக்கம் இருக்கும், அதை வாங்கி வைக்க என்னிடம் இடமில்லை. கை அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தறிச் சத்தம் மட்டும் வெயிலுக்குள் நடந்து போய்க்கொண்டே இருந்தது. தறி ஓடுகிற வீடு நல்லா இருக்கிற வீடு என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. எதிர்வீட்டு நிழலில் நின்று படிவத்தை எடுத்து, எல்லாக் கட்டத்திலும் 'நலம்' என்று எழுதினேன். பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் தேவசகாயம் சார் கடிகாரத்தை இழுப்பறையில் போட்டார். படிவத்தைக் கவிழ்த்தார்.

"அம்மையார்குப்பம் போனியாம்மா?"

"போனேன் சார். நலம் சார்."

"உள்ள போனதும் இன்னா வாசனை?"

கற்பூரம் என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த வீட்டுக்கும் பொருந்துகிற வாசனை. சாமிக்குக் காட்டுகிற பொருளை வைத்துப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"வாசனை ஞாபகம் இல்ல சார். சத்தம்தான் ஞாபகம் இருக்குது. தறி ஓடிகினு இருந்துச்சு."

"எனக்குத் தறி தெரியாதும்மா. எப்படி ஓடும்? சொல்லேன் பாக்கலாம்."

அவர் குறுக்கு விசாரணை செய்யவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் மேசைமேல் கையால் தட்டிக் காட்டினேன். சின்ன வயசிலிருந்து காதில் விழுந்த தாளம்தானே. "டடக்-சட், டடக்-சட். இப்படித்தான் சார் எப்பவும் ஓடும். நேத்து..." நேற்றுக் கேட்டதை அப்படியே தட்ட ஆரம்பித்தேன். "டடக்... டடக்... டடக்..."

கை நின்றுவிட்டது.

"இன்னாம்மா?"

"சார், அதுல சட் இல்ல சார்."

"அப்படின்னா?"

"நாடா இல்ல சார். நூலைக் கொண்டுபோற கட்டை. அது அந்தப் பக்கம் போய் முட்டற சத்தம்தான் அந்த சட். நாடா இல்லாம வெறும் தறி ஓடுது சார். துணி நெய்யல. யாரோ சும்மா ஓட்டிகினு இருக்காங்க."

தறிக்காரன் மகள் நான். கண்ணைக் கட்டிக்கொண்டு நின்றாலும் தெரிய வேண்டிய வித்தியாசம். அந்த வாசலில் எவ்வளவோ நேரம் நின்று அதைக் கேட்டிருக்கிறேன், கேட்டுக்கொண்டே 'நலம்' என்று எழுதியிருக்கிறேன்.

"நான் உள்ளயே போவல சார்" என்றேன்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். படிவத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "அதையே எழுதும்மா. உன் கையாலயே." 'வாசலில் நின்று எழுதியது, உள்ளே போகவில்லை' என்று குறுக்காக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை அவர் கிழிக்கவும் இல்லை, மேலே அனுப்பவும் இல்லை. கோப்பில் வைத்துக் கயிற்றைக் கட்டினார். "வா, போவலாம்" என்று எழுந்தார்.

நாங்கள் போனபோதும் அதே சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தரம் தாழ்ப்பாளைத் தூக்கினேன். தறியில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை, ஒரு இழை நூல் இல்லை. நூல் கொடுக்கிற முதலாளி இரண்டு மாதமாக வேலை கொடுக்கவில்லையாம். மாணிக்கம் நூல் மில்லுக்குக் கூலிக்குப் போயிருந்தார். மீனு சேலைப் படுக்கையில் தூங்கினாள். சரோஜா தறியின் இரும்புச் சட்டத்தில் தலையைச் சாய்த்து, கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த வாயாடிச் சரோஜாவா என்று இருந்தது. முழங்கையில் பல் பதிந்த தழும்புகள், பழசும் புதுசும்.

எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "இட்டுகினு போயிடுங்க மேடம்" என்றாள். ஒரு நிமிஷம் கழித்து, "வாணாம், இட்டுகினு போவாதீங்க" என்றாள்.

சார் தரையில் உட்கார்ந்தார். "எது வேணுமோ அதைச் சொல்லும்மா. அவசரம் இல்ல."

"முந்தாநாளு நாடாவை எடுத்து ஓங்கிட்டேன் சார். கடிச்சுப்புட்டுது, எனக்கு இன்னா வந்துச்சுன்னு தெரியல. அடிக்கல, சத்தியமா அடிக்கல. கீழ போட்டுட்டேன். அதுலேர்ந்து அதைக் கையில தொடவே பயமா இருக்குது. சத்தம் மட்டும் இருந்தா அது தூங்கும்னு வெறுமனே ஓட்டறேன். அது தூங்கறப்போ நானும் தூங்கலாம்தான். எனக்குத் தூக்கம் வந்தாத்தானே?"

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். கேட்கிற யோக்கியதை இல்லாத கேள்வி.

சரோஜா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க தெய்வம்னு சொல்லிட்டீங்களே மேடம். தெரு பூரா அதையே சொல்லுது. முடியலன்னு நான் யார்கிட்ட போயி சொல்றது?"

தேவசகாயம் சார் என் முகத்தைப் பார்க்காமல் தறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "எட்டு நாள் தூங்கும்மா. மீனுவை இல்லத்துக்கு அனுப்பமாட்டேன், திருத்தணியிலயே எங்க சபைக் குடும்பம் ஒண்ணு இருக்குது, ஸ்டெல்லான்னு. பிள்ளை வளர்க்க அனுமதி வாங்கினவங்க. குழந்தைகள் நலக் குழுவுல பேசிக்கறேன். எட்டாம் நாள் நீயே சொல்லு, வேணுமா வேணாமான்னு. வேணாம்னாலும் உன்மேல ஒரு சொல் வராது."

"வுட்டுட்டுப் போறதுதானே சார் அது? அதுக்கும் அப்படித்தானே தோணும்? ஏற்கெனவே ரெண்டு வாட்டி வுட்டுட்டாங்கதானே?"

எனக்கு ஒன்று தோன்றியது. யோசித்துச் சொன்னேன் என்று சொல்லமாட்டேன், வாயில் வந்தது. "சரோஜா, நம்ம பக்கம் பிள்ளை தக்கலன்னா சாமிக்குக் குடுத்துட்டு, தவிட்டை விலையாப் போட்டுத் திரும்ப வாங்கிக்குவாங்க இல்ல? மீனுவை மலையில முருகன்கிட்ட குடு. எட்டு நாளும் அவன் பிள்ளை. எட்டாம் நாள் தவிட்டோட வந்து வாங்கிக்கோ. வரலன்னாலும் அவன் பிள்ளையாவே இருக்கட்டும்."

சரோஜா முகத்தில் ரொம்ப நாள் கழித்து ஏதோ அசைந்தது. சார் கண்ணாடியைத் துடைத்தார். "நான் சர்ச்சுக்குப் போறவன். இதைக் கோப்புல எப்படிம்மா எழுதறது?" என்றார். கடைசியில் 'ஓய்வுக்காலப் பராமரிப்பு' என்று எழுதிக்கொண்டார்.

குழு சம்மதித்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மலையேறினோம். மீனுவிடம் சரோஜாவே சொன்னாள், படியில் உட்காரவைத்து, மறைக்காமல்: "எனக்குத் தூக்கம் வரல, கோவம் வருது. எட்டு நாள் தூங்கிட்டு வரேன். அதுவரைக்கும் உன்னை முருகன்கிட்ட குடுக்கறேன்." விட்டுவிட்டுப் போகிற பேச்சு மீனுவுக்குக் கேட்டுப் பழகியது. கொடிமரத்துக்குப் பக்கத்தில் துண்டை விரித்து அவளை உட்காரவைத்து, சரோஜா கும்பிட்டுவிட்டு நகர்ந்து நின்றாள்.

அந்தப் பக்கம் வந்த குருக்கள் விஷயம் கேட்டுவிட்டு, "குடுத்த கையோட வாங்கிக்கறதுதானே வழக்கம்? இது என்ன எட்டு நாள்? சாமி என்ன குழந்தைக் காப்பகமா நடத்தறார்?" என்றார்.

"ஆங், வேற யாரு நடத்தறாங்க, சாமி?" என்றாள் சரோஜா.

குருக்கள் சிரித்துவிட்டு மீனுவின் நெற்றியில் விபூதி வைத்தார்.

என்னையும் சார் விடவில்லை. எட்டு நாள் விடுப்பு எழுதச் சொன்னார். என் வீடுகளை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். முதல் இரண்டு நாள் படுத்த இடம் தெரியாமல் தூங்கினேன். கனவில் எந்தப் பிள்ளையும் வரவில்லை, வெறும் படிகள் வந்தன, ஏறாமல் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் எழுந்தபோது பசித்தது. என் மகள் ரசம் ஊற்றினாள். அதன் புளிப்பு நாக்கில் தெரிந்ததும் அழுதுவிட்டேன். "நல்லா இல்லியாம்மா?" என்று அவள் பயந்துபோனாள்.

எட்டாம் நாள் காலை ஸ்டெல்லா வீட்டிலிருந்து மீனுவை அழைத்துக்கொண்டு மலைக்குப் போனேன். நாலு நாள் தூங்கவே இல்லையாம், ஐந்தாம் நாளிலிருந்து ஸ்டெல்லா கிரைண்டரில் மாவு அரைக்கிற சத்தத்தில் தூங்கியிருக்கிறாள். கொடிமரத்துக்கு எதிரே உட்கார்ந்தோம். ஒன்பது மணிக்கு வருவதாகப் பேச்சு. பத்தாயிற்று. தேவஸ்தானத்து பஸ் வந்து வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் மீனு தலையைத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். பதினொன்று. முருகா, வராவிட்டால் அவள்மேல் எனக்குக் கோபம் வரக்கூடாது, இந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வது என்று மட்டும் காட்டு என்று வேண்டிக்கொண்டேன். வேறு எதையும் வேண்ட எனக்குத் தைரியம் இல்லை.

பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். சரோஜா படி வழியாக வந்தாள். முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறி, வேர்த்துக் கொட்ட, இடுப்பில் ஒரு துணி மூட்டை. பின்னால் மாணிக்கம். "தூங்கிட்டேன் அக்கா, எழுந்திரிக்கவே மணி எட்டு, பாவா எழுப்பல" என்று மூச்சு வாங்கினாள். மேடம் போய் அக்கா ஆகிவிட்டேன்.

மீனு எழுந்து ஓடவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே மூட்டையைப் பார்த்தாள்.

"இன்னா அது?"

"தவிடு. உன்னை வாங்க."

மீனு மூட்டையைப் பிரித்து உள்ளே கையை விட்டாள். அளைந்து பார்த்தாள். "இவ்ளோதானா?"

மாணிக்கம் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். சரோஜா சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். "அடுத்த வாட்டி பெரிய மூட்டையா கொண்டாறேன்."

மீனுவின் கை தவிட்டுக்குள் நின்றது. "அடுத்த வாட்டியா?"

இனிமேல் இல்லை என்று சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். சரோஜா அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தாள்.

"ஆங். எனக்கு மறுபடியும் முடியாமப் போவும். நீ கடிப்பே, நான் கத்துவேன். அப்போ தூங்கப் போவேன். தூங்கிட்டு வருவேன்."

மீனு தவிட்டை அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டாள். கோயில் மணி அடித்து ஓய்ந்தது.

"எட்டு நாளு ஜாஸ்தி. அஞ்சு."

"அஞ்சுல எனக்குத் தூக்கம் தெளியாதுடி. ஏழு."

"ஆறு."

"ஏழு. அதுக்குக் கம்மியாக் கட்டுப்படி ஆவாது."

மீனு கையை உதறித் தவிட்டைத் தட்டிவிட்டு எழுந்தாள். "சரி, ஏழு. அதுக்கு மேல ஒரு நாள் கூட ஆவக்கூடாது."

அதன் பிறகு சரோஜாவுக்கு நான்கு முறை முடியாமல் போனது. நான்கு முறையும் மலையில் கொண்டுவந்து கொடுத்தாள். ஏழாம் நாளைத் தாண்டவே இல்லை.